கண் தெரிந்த பிறகுதான் பரீட்சை

உலக வரைபடத்தை விரித்து, திருவண்ணாமலை மேல் விரலை வைத்து, மேற்கு நோக்கி நேராக இழுத்துக்கொண்டே போங்கள். அரபிக்கடல் தாண்டி, ஆப்பிரிக்கா தாண்டி, அட்லாண்டிக்கும் தாண்டினால் கரீபியன் கடலில் குராசோ என்றொரு தீவு வரும். அதன் துறைமுக நகரம் வில்லம்ஸ்டாட். நம் ஊரும் அந்த ஊரும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகையை ஒட்டி, ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது எங்கள் வாசிப்பு வட்டத்தில் இருக்கும் எட்டாம் வகுப்புப் பையன். கதையில் வரும் வெயில் தனக்குத் தெரிந்த வெயிலாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டுப் பள்ளி அட்லஸை எடுத்துப் பார்த்திருக்கிறான். ஒரு நாவல் ஒரு பிள்ளையை அட்லஸைத் தேடிப் போகவைக்கிறது என்றால் அந்த நாவலைப் பற்றி ஊரெல்லாம் சொல்ல வேண்டாமா? சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாவலின் பெயர் 'த கே'. பவளப்பாறை மேல் மணல் சேர்ந்து உண்டாகும் குட்டித் தீவை அந்தக் கடல் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். எழுதியவர் தியோடர் டெய்லர் என்ற அமெரிக்கர். 1969இல் வெளிவந்தது. சின்னப் புத்தகம். திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போய்ச் சேர்வதற்குள் பெரியவர்கள் முடித்துவிடலாம். ஆனால் இதைத் தனியாக, மனதுக்குள் வாசித்து முடிப்பது பெரிய நஷ்டம் என்பேன். பிள்ளைகளை உட்காரவைத்து வாய்விட்டு வாசியுங்கள். நான் எத்தனையோ புத்தகங்களைப் பிள்ளைகளோடு வாசித்திருக்கிறேன். இதைப் போல் ஒன்று அவர்களை உலுக்கி, சண்டை போடவைத்து, வீட்டுக்குப் போயும் தூங்கவிடாமல் செய்து நான் பார்த்ததே இல்லை.

கதை 1942இல் நடக்கிறது. இரண்டாம் உலகப் போர். குராசோவில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. நேச நாடுகளின் விமானங்களுக்கு அங்கிருந்து எண்ணெய் போகிறது. அதைத் தடுக்க ஜெர்மன் நீர்மூழ்கிகள் வந்து கப்பல்களைக் குறிவைக்கின்றன. அங்கே பதினோரு வயது ஃபிலிப், ஒரு வெள்ளைக்காரப் பையன். அப்பாவுக்கு எண்ணெய்க் கம்பெனி வேலை. அம்மா பயந்துபோய் மகனைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறாள். ஏப்ரல் 6ஆம் தேதி, விடியலுக்கு முன்னால், அந்தக் கப்பல் டார்பீடோவில் அடிபட்டு மூழ்குகிறது. பையன் கண் விழிக்கும்போது ஒரு தெப்பத்தில் கிடக்கிறான். பக்கத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு கறுப்பினக் கிழவர். பெயர் திமோத்தி. செயின்ட் தாமஸ் தீவில் பிறந்து, வாழ்நாளெல்லாம் கப்பல் தளத்தில் கூலி வேலை பார்த்தவர். கூடவே கப்பல் சமையற்காரர் வளர்த்த ஒரு பூனை. தலையில் பட்ட அடியால் ஃபிலிப்புக்குக் கண் பார்வை போய்விடுகிறது. அப்புறம் ஆளில்லாத ஒரு மணல் திட்டில் மூவரும் ஒதுங்குகிறார்கள்.

இனி என்ன செய்வார்கள்? பிள்ளைகளைக் கட்டிப்போடும் கேள்வி இதுதான். டெய்லர் இதில் மன்னர். குடிதண்ணீருக்கு மழையைப் பிடிக்க ஏற்பாடு, தென்னை ஓலையில் குடிசை, ஆணியை வளைத்துத் தூண்டில் முள், தலைக்கு மேல் விமானம் போனால் புகை காட்ட விறகுக் குவியல். கண் தெரியாத பையன் குடிசையிலிருந்து கடற்கரைக்குத் தானே போய்வர வேண்டும் என்று கொடிகளைப் பின்னி நீளக் கயிறாகக் கட்டிவிடுகிறார் திமோத்தி. கைத்தடி செதுக்கித் தருகிறார். ஒவ்வொரு வேலையையும் முதலில் செய்து காட்டுகிறார். பிறகு அவனையே செய்யவிடுகிறார். கேட்டாலும் உதவிக்கு வருவதில்லை. ஏன் இவ்வளவு கறார் என்று பையனுக்குப் புரிவதில்லை. எங்கள் மாடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு உடனே புரிந்துவிட்டது. "தாத்தாவுக்குத் தான் செத்துப்போயிடுவோம்னு தெரியுது அக்கா" என்றாள். அப்போது நாங்கள் பாதிப் புத்தகம்கூடத் தாண்டவில்லை.

எங்கள் மாடி, திருவண்ணாமலை ரமண நகரில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. சாலையைக் கடந்து நடந்தால் ரமணாசிரமம். மாடியில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மலை தெரியும். ஞாயிறு மாலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். இந்தப் பகுதி தெரிந்தவர்களுக்கு இங்கே எந்த மாதிரிப் பிள்ளைகள் கூடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள், ஆசிரம வாசலில் பூக்கட்டி விற்கிறவரின் மகன், வாடகைக்கு அறை விடும் வீட்டுப் பையன், கட்டட வேலைக்குப் போகிறவரின் பெண், வெளிநாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்தின் குழந்தைகள். இந்தக் கடைசிக் கூட்டத்துப் பிள்ளைகள் கடைத்தெருத் தமிழை அநாயாசமாகப் பேசுவார்கள். எல்லோரும் ஒரே தெருவில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆனால் எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போவதில்லை. தமிழில் புத்தகம் கைக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலப் பிரதியை வைத்துக்கொண்டு பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். எட்டாவது ஒன்பதாவது படிக்கிற இரண்டு பேர் மூலத்தை எட்டிப் பார்த்து, "இந்த வரிய விட்டுட்டீங்க" என்று என்னைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கண்காணிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஃபிலிப்பின் அம்மா வர்ஜீனியாக்காரி. கறுப்பர்கள் நம்மைப் போன்றவர்கள் அல்ல, அவர்கள் இடம் வேறு, நம் இடம் வேறு என்று நினைக்கிற குடும்பம். பையனிடம் அவள் வெறுப்பைப் பிரசங்கம் செய்வதில்லை. அங்கே விளையாடப் போகாதே, அவர்களோடு சேராதே என்கிற மாதிரிச் சின்னச் சின்னத் தடைகள்தான். தெப்பத்தில் அந்தப் பையன் திமோத்தியைப் பார்த்து அருவருப்பதும், ஒதுங்கி உட்காருவதும் இந்தத் தடைகளின் பலன். இந்த இடத்தில் நிறுத்தி, "உங்க வீட்ல இப்படி என்னென்ன சொல்வாங்க?" என்று கேட்டேன். பதில் வர நேரமாகும், கூச்சப்படுவார்கள் என்று நினைத்தேன். கொட்டியது. அவங்க வீட்ல தண்ணி குடிக்காத. காலனிப் பக்கம் போகாத. வெள்ளைக்காரப் புள்ளைங்களோட சேந்தா கெட்டுப்போவ. தமிழ்ப் பசங்க கல்லெறிவாங்க, ஜாக்கிரதை. சாமியார்ங்க கிட்ட எதுவும் வாங்கித் தின்னாத. பிறகு, கட்டட வேலைக்காரரின் பெண் ரொம்ப இயல்பாகச் சொன்னாள்: "எங்க பாட்டிக்கு டீக்கடையில தனி டம்ளர் வச்சிருந்தாங்களாம். எங்கம்மா சின்னப்புள்ளையா இருக்கறப்ப." கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பூக்காரர் மகன்தான் பேசினான். "அப்ப ஃபிலிப்பு கெட்டவன் இல்ல. அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. சொல்லிக் குடுக்கலன்னா அவனுக்கு எப்படித் தெரியும்?"

பன்னிரண்டு வயதுப் பையனின் வாயிலிருந்து வந்த வாக்கியம் இது. எத்தனை கருத்தரங்குகளில் உட்கார்ந்து இதைச் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறோம்! அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

நாவலின் நடு நரம்பு, கன்னத்தில் விழும் ஓர் அறை. படுக்கத் தடுக்குப் பின்னச் சொல்லி ஓலையை ஃபிலிப்பின் கையில் தருகிறார் திமோத்தி. கண் தெரியாதவனுக்குப் பின்ன வரவில்லை. ஆத்திரத்தில் தூக்கி எறிந்து, அசிங்கமான கறுப்பன் என்றும் எழுத்துக்கூட்டத் தெரியாத முட்டாள் என்றும் கத்துகிறான். திமோத்தி அவன் கன்னத்தில் அறைகிறார். பிறகு எதுவும் பேசாமல் வேலையைப் பார்க்கிறார். எங்கள் மாடியில் இதற்குப் பிறகு நடந்தது ஒரு பட்டிமன்றம். அடித்தது சரி என்று ஒரு கட்சி. அடிக்கவே கூடாது, அதுவும் கண் தெரியாத பிள்ளையை, என்று ஒரு கட்சி. பள்ளியில் அடிவாங்கிய அனுபவமெல்லாம் சாட்சிக்கு வந்தது. வெளிநாட்டுக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி அடித்தது தப்பு என்பதில் கடைசிவரை உறுதியாக நின்றாள். ஆட்டோக்காரர் மகள் கேட்டாள்: "அந்தத் தாத்தாவை எழுபது வருஷமா எத்தன பேர் இப்படித் திட்டியிருப்பாங்க? அவர் யாரையாச்சும் திருப்பி அடிச்சிருக்க முடியுமா?" நான் வாயே திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்பதுதான் இந்த வட்டத்தில் நான் எனக்கு வைத்துக்கொண்ட ஒரே விதி. நீதி சொல்ல ஆரம்பித்தால் அந்த நிமிடமே பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள். உடம்பு மட்டும் உட்கார்ந்திருக்கும்.

ஓலை பின்னுவது அவ்வளவு கஷ்டமா என்று ஒரு பையன் கேட்டான். அடுத்த வாரம், தனி டம்ளர் கதை சொன்ன பெண் தன் பாட்டியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினாள். கூடவே இரண்டு தென்னை மட்டை. பாட்டிக்கு அறுபது தாண்டியிருக்கும். இளம் வயதிலிருந்தே கீத்து முடைந்து பழகிய கை. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு முடைந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் நான்கு ஓலைக்கு மேல் நிற்கவில்லை. பாட்டி எங்களோடு பேசிக்கொண்டே, மலையைப் பார்த்துக்கொண்டே, கை மட்டும் தன் பாட்டுக்குப் போக, ஒரு கீத்தை முழுசாக முடித்துப் போட்டார். ஓலையை அவர் பார்க்கவே இல்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். "திமோத்தி தாத்தா மாதிரியே!" என்று யாரோ கத்தினார்கள். யார் அந்தத் தாத்தா என்று பாட்டி கேட்க, பன்னிரண்டு வாயும் ஒன்றாகக் கதை சொன்னது. பாட்டி முழுசும் கேட்டுவிட்டு, "ஒரு அறையோட வுட்டாரா அந்த ஆளு?" என்றார். மாடி அதிர்ந்தது சிரிப்பில்.

அந்த அறைக்கு அடுத்தாற்போல் ஃபிலிப் மாறத் தொடங்குகிறான். நண்பனாக இருக்கலாமா என்று கேட்கிறான். முதலாளி என்கிற தொனியில் கூப்பிடாமல் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறான். ஆனால் எனக்கும் பிள்ளைகளுக்கும் இதைவிடப் பெரிய இடமாகப் பட்டது, அதற்குக் கொஞ்சம் முன்னால் மணலில் எழுதும் இடம்தான். விமானத்துக்குத் தெரிய, உதவி வேண்டும் என்று கற்களை அடுக்கி எழுத நினைக்கிறார் திமோத்தி. அவருக்கு எழுத்து தெரியாது. அதைச் சொல்லவும் மானம் இடம் தரவில்லை. ஃபிலிப்புக்கு அது புரிந்துவிடுகிறது. கண்டுபிடித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளாமல், குச்சியால் மணலில் எழுத்துகளை வரைந்து கொடுக்கிறான். கண் தெரியாதவன் எழுதுகிறான். கண் தெரிந்தவர் அதன்மேல் கல் அடுக்குகிறார். இதை வாசித்ததும் பூக்காரர் மகன் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னான். பேருந்து வந்தால் போர்டைப் படிக்கத் தெரியாமல், கண்ணாடியைக் கொண்டுவரவில்லை என்று சொல்லிப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பாராம். "எங்க தாத்தாகிட்ட கண்ணாடியே இல்ல அக்கா" என்றான். சொல்லும்போது அவன் குரலில் கேலி துளியும் இல்லை. இந்தப் புத்தகம் பிள்ளைகளைத் தங்கள் வீட்டுப் பெரியவர்களை நோக்கித் திருப்பிவிடுகிறது. நான் சற்றும் எதிர்பாராமல் கிடைத்த செல்வம் அது.

திமோத்தியை டெய்லர் ஞானியாகவும் ஆக்கவில்லை. பூனையால்தான் கெட்ட நேரம் என்று நம்புகிறார் அவர். மரத்தில் பூனை உருவம் செதுக்கி அதில் ஆணி அடித்துக் கெட்ட ஆவியை ஓட்டப் பார்க்கிறார். இதை விளக்க எனக்கு ஒரு வார்த்தைகூடச் செலவாகவில்லை. திருஷ்டிப் பூசணி உடைக்கிற ஊர், ஆட்டோ முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுகிற தெரு. பூனைக்காகக் கவலைப்பட்டவர்கள்தான் அதிகம். ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்கும், வள்ளி என்ற மானுக்கும், ஒரு நாய்க்கும், ஒரு காகத்துக்கும் சமாதி இருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஒரு பூனையைச் சகுனத்துக்காக வெறுப்பதை ஏற்கவே மாட்டோம் என்றார்கள். கறுப்பர்களைப் பற்றி ஃபிலிப் நினைத்ததும், பூனையைப் பற்றித் திமோத்தி நினைத்ததும் ஒன்றுதானா என்று ஒரு கேள்வி எழுந்து, அதற்கும் ஒரு சண்டை.

ஆசிரமத்தைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சூரி நாகம்மா தெலுங்கில் எழுதிய ஆசிரமக் கடிதங்களில் ரமணர் தன் மலை வாழ்க்கையை நினைவுகூரும் ஒரு பகுதி உண்டு. மலையில் புல் அறுக்க வரும் பெண்கள், தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள், வெயிலில் சுமையோடு வந்து முலைப்பால் தீர்த்தத்தின் பக்கம் நிற்பார்கள். தண்ணீரைத் தாங்களே எடுக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. ரமணர்தான் மொண்டு அவர்கள் உடம்பு குளிர ஊற்றுவார். குடிக்கக் கையில் வார்ப்பார். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கந்தாசிரமத்துக்கு எத்தனையோ தடவை ஏறி இறங்கிய பிள்ளைகள். ஆனால் இந்த விஷயம் அவர்களுக்குப் புதிது. "சாமி ஊத்துனது நல்லதுதான். ஆனா அவங்களே ஏன் மொண்டுக்கக் கூடாது?" என்று கேட்டாள் கட்டட வேலைக்காரரின் பெண். சரியான கேள்வி. தீவில் திமோத்தியும் ஃபிலிப்பும் ஒரே பீப்பாயிலிருந்து குடிக்கிறார்கள் என்பதை அவள் மறக்கவில்லை.

பிறகு புயல் வந்தது. நாவலில் ஜூலை மாதம் வரும் சூறாவளி. கிழவர் பையனைத் தென்னை மரத்தோடு கட்டி, தன் உடம்பால் அவனைப் போர்த்திக்கொண்டு, காற்று வாரியடிக்கும் மணலையும் தண்ணீரையும் முழுக்கத் தன் முதுகில் வாங்குகிறார். புயல் ஓய்ந்ததும் அவர் உயிர் பிரிகிறது. இந்த அத்தியாயத்தை எப்படி வாசிப்பது என்று நான் நிறைய யோசித்தேன். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், இதே மலையின் சரிவில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். எங்கள் வட்டத்துப் பிள்ளைகளின் வயதுக்காரர்கள். அந்த மழை ராத்திரியின் சத்தம் இவர்கள் காதில் இன்னும் இருக்கிறது. வேண்டாம் என்றால் அந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடலாம் என்று முன்கூட்டியே சொன்னேன். ஒருவர்கூடத் தாண்டச் சொல்லவில்லை. வாசித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்துபோய் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றான். மற்றவர்களும் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றார்கள். நானும் போனேன். யார் எந்த வீடு, யார் யார் வீட்டுக்குப் போகமாட்டார்கள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ.

திமோத்தி போன பிறகு ஃபிலிப் தனியாக உயிர் பிழைக்கும் பக்கங்கள் அற்புதம். கிழவரைத் தன் கையால் புதைக்கிறான். மீன் பிடிக்கிறான். முட்டை எடுக்கப் போய்ப் பறவைகளிடம் கொத்து வாங்குகிறான். புயலுக்கு முன்பே, தனக்குப் பிறகு அவனுக்கு வேண்டும் என்று திமோத்தி தூண்டில்கள் செய்து பத்திரமாகக் கட்டி வைத்திருந்ததைக் கண்டுபிடிக்கிறான். அந்த வரியில் என் குரல் உடைந்தது. மூலத்தை எட்டிப் பார்க்கும் பெண்தான் புத்தகத்தை வாங்கித் தொடர்ந்து வாசித்தாள். விமானத்துக்கு வெறும் புகை தெரியவில்லை என்று உணர்ந்து, எண்ணெய்ப் பசையுள்ள கடல் திராட்சைச் செடியை நெருப்பில் போட்டுக் கரும்புகை எழுப்புகிறான். ஆகஸ்ட் 20ஆம் தேதி கப்பல் வந்து மீட்கிறது. நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சைகள் செய்து பார்வையும் திரும்புகிறது.

எல்லோரும் கைதட்டினார்கள். ஆட்டோக்காரர் மகள் தட்டவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏன் திமோத்தி மட்டும் சாகணும்? அவர் அந்தப் பையன நல்லவனா ஆக்குறதுக்குத்தான் கதையில வந்தாரா? அவருக்குன்னு ஒரு கதை இல்லியா?"

நாற்காலியிலிருந்து எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். ஏனென்றால் இதே கேள்வியைத்தான் அரை நூற்றாண்டுக்கு முன்பு அமெரிக்காவில் கறுப்பின வாசகர்களும் சிறுவர் நூல் விமர்சகர்களும் கேட்டார்கள். 'த கே' 1970இல் ஜேன் ஆடம்ஸ் பெயரிலான சிறுவர் நூல் விருதைப் பெற்றது. கறுப்பு மனிதரை வெள்ளைப் பையனுக்குத் தொண்டு செய்து சாகிறவராகவே காட்டுகிறது என்ற எதிர்ப்பு வலுத்து, 1975இல் டெய்லர் அந்த விருதைத் திருப்பிக் கொடுத்தார். புத்தகத்தை அவர் காணிக்கையாக்கியிருந்தது மார்ட்டின் லூதர் கிங்கின் கனவுக்கு. கிங் சுட்டுக் கொல்லப்பட்ட மறு ஆண்டு வந்த புத்தகம். டெய்லருக்கு எவ்வளவு வலித்திருக்கும்! ஆனால் விமர்சகர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். கதை முழுக்க ஃபிலிப்பின் வாயால் வருகிறது; திமோத்தியின் மனதுக்குள் நாம் போவதே இல்லை. 1993இல் டெய்லர் 'திமோத்தி ஆஃப் த கே' என்று இன்னொரு நாவல் எழுதினார். அதில் சிறுவன் திமோத்தி வருகிறான், கப்பலில் சேர அலைகிறான், நிறத்தால் விரட்டப்படுகிறான். இதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. "அப்ப அவர் யோசிச்சிருக்கார்" என்றாள். ஒரு புத்தகத்தை உயிராக நேசிக்கவும் வேண்டும், அதே மூச்சில் அதன் சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்கவும் வேண்டும். ரமண நகரின் ஒரு மாடியில் பதின்மூன்று வயதுப் பெண் இதைச் செய்தாள்.

கிங் பேர் வந்ததால் அவர் கதையும் வந்தது. 1959இல் இந்தியா வந்தபோது அவர் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும், உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். கிங் முதலில் திடுக்கிட்டுச் சற்றே வருத்தப்பட்டு, பிறகு யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் அதுதான் என்று சொல்லிக்கொண்டதாக அவரே பின்னாளில் ஓர் உரையில் சொல்லியிருக்கிறார். எங்கள் மாடியில் இதைக் கேட்டவர்கள் குராசோவையும் வர்ஜீனியாவையும் தங்கள் தெருவையும் ஒரே வரைபடத்தில் பார்த்தார்கள். அட்லஸ் பையன் திருவனந்தபுரத்தையும் தேடிப்பிடித்துப் பென்சிலால் வட்டம் போட்டான்.

அவன்தான் கடைசியில் என்னை அசர அடித்தவனும். ஃபிலிப் மாறிவிட்டான், முன்முடிவெல்லாம் போய்விட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் குறுக்கே வந்தான். "அவனுக்குக் கண்ணு தெரியாதப்ப திமோத்தி கறுப்பா வெளுப்பான்னே மறந்துபோச்சு. அதுல என்ன பெரிய விஷயம்? கண்ணு தெரிஞ்சதுக்கப்புறம்தான் பரீட்சை. ஊருக்குத் திரும்பி வந்து என்ன பண்ணான், அதப் படிங்க." கடைசிப் பக்கங்களை மறுபடியும் புரட்டினோம். பார்வை வந்த ஃபிலிப் குராசோ திரும்பியதும் பழைய கூட்டாளிகளின் விளையாட்டு அவனுக்கு ருசிக்கவில்லை. துறைமுகச் சந்தைக்குப் போய்க் கறுப்பின மக்களோடு பேசிக்கொண்டிருக்கிறான். அவர்களில் திமோத்தியைத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பையன் யோசித்துவிட்டு, "பாஸ்" என்றான். ஆனால் ஆட்டோக்காரர் மகள் விடவில்லை: "அவங்கம்மா என்ன சொன்னாங்க?" புத்தகத்தில் அதற்கு நேரான பதில் இல்லை.

பரீட்சை என்றதும் என் நினைவுக்கு வந்தது நம் மாவட்டமே. தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30ஆம் தேதிதான், தலைமுறைகளாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்கள், அதிகாரிகளும் காவல்துறையும் கூட வர, முத்துமாரியம்மன் கோவிலுக்குள் போய்க் கும்பிட்டார்கள். கார்த்திகை தீபத்துக்கு உலகமே வந்து நிற்கும் ஊரிலிருந்து கொஞ்ச தூரம். இதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ளத் தயங்கும் செய்தியை அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

ஆகவே பெற்றோரே, ஆசிரியர்களே, நூலகத்தில் கதை சொல்கிறவர்களே, தயவுசெய்து இந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள். பத்து வயதிலிருந்து தாராளமாக வாசிக்கலாம். திமோத்தி அறையும் இடத்தைத் தாண்டாதீர்கள், வசவுச் சொல்லை மழுப்பாதீர்கள், சாவை மறைக்காதீர்கள். கயிறு பிடித்து நடக்கும் இடத்தில் பிள்ளைகளைக் கண்ணைக் கட்டி நடக்கவிடுங்கள். வீட்டில் ஓலை முடையவோ வலை பின்னவோ தெரிந்த பெரியவர் இருந்தால் அவரையே வாத்தியாராக உட்காரவையுங்கள். விருது திரும்பிப்போன கதையையும் கட்டாயம் சொல்லுங்கள். அது தெரிந்த பிறகு பிள்ளைகள் இன்னும் கூர்மையாக வாசிக்கிறார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்கள் என்றால் பூமணியின் 'வெக்கை'யையும் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யையும் இதற்கு அடுத்தாற்போல் வையுங்கள். முன்னது பதினைந்து வயதுப் பையன் தந்தையோடு காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து உயிர் காக்கும் கதை. பின்னது பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் கதை. அவற்றில் கடலும் தீவும் கிடையாது, நம் மண்தான். அதனால் இன்னும் அதிகமாகச் சுடும்.

கலை இலக்கிய இரவுகளில் விடிய விடிய உட்கார்ந்து பழகிய ஊர் இது. வம்சி புக்ஸ் மாதிரிப் பதிப்பகம் இருக்கும் ஊர். யாராவது 'த கே'யை நல்ல தமிழில் கொண்டுவாருங்கள் என்று இரு கையும் கூப்பிக் கேட்கிறேன். அதுவரை பத்தி பத்தியாகச் சொல்ல நான் இருக்கிறேன். 'திமோத்தி ஆஃப் த கே' வந்து சேர்ந்துவிட்டது. வருகிற ஞாயிறு ஐந்து மணிக்கு ஆரம்பிக்கிறோம். முதல் அத்தியாயத்தைத் தான்தான் வாசிக்க வேண்டும் என்று ஆட்டோக்காரர் மகள் இப்போதே புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பாட்டியும் வருகிறாராம், அந்த ஆள் சின்ன வயதில் என்ன பாடுபட்டார் என்று தெரிய வேண்டுமாம் அவருக்கு.